நாற்பத்து மூன்று பக்க நன்றியுரை

பம்பாய்க்குக் கடலைக் கொடுத்தது இயற்கை. ரயிலைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தவர் மாட்டுங்கா சங்கரநாராயணன். முதல் இரண்டு பேரும் பெயர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கரநாராயணனுக்கு மட்டும் இன்றுவரை ஒரு சிலைகூடக் கிடையாது. அந்தக் குறையை ஓரளவாவது தீர்க்கலாம் என்றுதான் இந்த வரலாறு எழுதப்படுகிறது.

பகலில் அவர் கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. மாலை ஆறு மணிக்கு மேல் 'மாட்டுங்கா தென்னாட்டார் கலாசார நலச் சங்க'த்தின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். அதற்குப் பதிலாகக் கழுத்தில் ஒரு விசிலும் சட்டைப்பையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. அடுத்த வாரம் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கிறார். ஆகவே 1963 டிசம்பரில் தென்காசி வட்டாரத்திலிருந்து முப்பத்தொரு பேரை ஏழு நாள் சுற்றுலாவுக்கு வரவழைத்ததில் சுயநலம் எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

விருந்தினர்களைக் கவனிப்பதில் சங்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் நாள் வரவேற்புக் கூட்டம். இரண்டாம் நாள், முதல் நாள் பேச இடம் கிடைக்காதவர்களின் வரவேற்புக் கூட்டம். மூன்றாம் நாள் மாதர் பிரிவு வரவேற்றது. நான்காம் நாள் விருந்தினர்கள் பதிலுக்கு நன்றி சொன்னார்கள், அந்த நன்றிக்குச் சங்கம் ஐந்தாம் நாள் நன்றி சொன்னது. ஆறாம் நாள் ஓய்வு என்று போட்டிருந்தது, ஓய்வின் அவசியம் பற்றி மூன்று பேர் பேசினார்கள். தினமும் மாலை ஐந்தரை முதல் ஐந்து நாற்பது வரை 'கடல் காணல்' என்று அச்சிட்டிருந்தார்கள். பேச்சாளர்கள் ஒரு நாள்கூட ஆறரைக்கு முன்னால் இறங்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நான்காம் நாள் ஜன்னல் பக்கம் போய் நின்று, "காத்துல உப்பு தெரியுதே" என்றார். அன்றைய குறிப்பேட்டில் செயலாளர், 'கடல் காணல் இனிதே நிறைவேறியது' என்று எழுதி ஸ்டாம்பு குத்தினார்.

அவரிடம் இன்னொரு பெருங்குணமும் உண்டு. தலை எண்ணுவார். மூன்று வருஷத்துக்கு முன்பு எலிபெண்டா போன சுற்றுலாவில் குடை வியாபாரி ஒருவரைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மறுநாள் மீன்படகில் வந்து இறங்கிய அந்த மனிதர் செயலாளரைப் பார்த்துப் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட அச்சில் ஏற்றத் தகுந்தது அல்ல. அன்று முதல் சங்கரநாராயணனுக்கு ஒரே பயம், எங்கே ஒரு தலை குறைந்துவிடுமோ என்று. ஆளுக்கு ஒரு எண் போட்ட பேட்ஜ் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன் எண்ணினார், சாப்பாட்டுக்குப் பின் எண்ணினார், தூங்கும்போது போர்வையை விலக்கி எண்ணினார். எண்ணிக்கை முப்பத்தொன்று என்று வந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

இதில் பதினேழாம் எண் பிச்சம்மாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கம், வயது நாற்பதுக்கு மேல். இரண்டு வெள்ளாட்டை விற்றுச் சுற்றுலாவில் சேர்ந்தவள். பம்பாயைப் பார்க்கும் ஆசை அவளுக்குத் துளியும் இல்லை. அவள் தங்கை தங்கமயில் தாராவியில் வாக்கப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. தாய் இறந்த செய்தி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், வர முடியவில்லை. அந்தத் தங்கையை ஒரு தடவை கண்ணால் பார்க்கத்தான் பிச்சம்மாள் வந்தாள். கையில் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி. ஆறு நாள் மூலையில் கிடந்ததில் மாட்டுங்கா எறும்புகள் அனைத்தும் அதற்கு உறுப்பினர்கள் ஆகிவிட்டன. மூன்றாம் நாள் வரவேற்பில் எறும்புகள் தலைவர் நாற்காலிவரை வந்து, தலைவர் பேச்சைப் பாதியில் முடிக்க நேர்ந்தது. அந்த வாரத்தில் கருப்பட்டி செய்த ஒரே பொதுநலத் தொண்டு அதுதான்.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்குப் 'பயணச்சீட்டு வழங்கு விழா' தொடங்கியது. மதியம் இரண்டு முப்பத்தைந்துக்குத் தாதர் ஸ்டேஷனில் வண்டி. டிக்கெட்டைச் சும்மா கையில் கொடுப்பது நாகரிகம் அல்லவே. ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து, மாலை போட்டு, டிக்கெட்டின் ஒரு முனையைச் செயலாளரும் மறுமுனையை விருந்தினரும் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தார்கள். பதினேழாவதாகப் பிச்சம்மாள் ஏறினாள்.

"அய்யா, இன்னைக்குத்தான கடேசி நாளு?"

"ஆமாம்மா. கேமராவைப் பாருங்கோ."

"கடேசி நாளு தாராவிக்குப் போலாம்னு சொன்னீகளே."

"கடைசி நாள் பரிசீலிக்கப்படும்னு சொன்னேன். கேமரா அந்தப் பக்கம் இருக்கு."

"பதினோரு வருசமாச்சுய்யா அவ மொகத்தப் பாத்து. இங்கன கிட்டத்துலதான் இருக்குன்னு சொல்லுதாக. ஒரு எட்டு போயி பாத்துட்டு ஓடியாந்திருதேன்."

"நிரல்லே இல்லையேம்மா!"

பளிச்சென்று விளக்கு அடித்தது. அந்தப் படம் இன்னும் சங்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. செயலாளர் கேமராவைப் பார்க்கிறார், பிச்சம்மாள் செயலாளரைப் பார்க்கிறாள்.

சங்கரநாராயணன் கல்நெஞ்சர் அல்ல. மேடையை விட்டு அவள் இறங்கியபோது முந்தானையில் கண்ணைத் துடைத்ததை அவர் கவனித்தார். மனசு என்னவோ செய்தது. அப்படி மனசு ஏதாவது செய்தால் அவர் உடனே கமிட்டியைக் கூட்டிவிடுவார். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவசரக் கூட்டம் கூடியது. உதவித் தலைவர் செல்லத்துரை, மாதர் பிரிவுத் தலைவி அகிலாண்டம், செயலாளர். பொருள்: பதினேழாம் எண் உறுப்பினரின் தாராவி விஜயம்.

"முதல்ல தாராவிங்கறது எங்கே இருக்குன்னு தெளிவு பண்ணிக்கணும்" என்றார் செயலாளர். அவர் மாட்டுங்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்றார் செல்லத்துரை. அவருக்குக் கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை. "நம்ம கடைக்கு மூட்டை தூக்குத ஆளுக அம்புட்டுப் பேரும் அங்கேருந்துதான் வாரானுவ. நான் போனதில்ல."

"எங்காத்து மொட்டை மாடிலேர்ந்து பார்த்தா தெரியறது. அதனாலதான் நாங்க மேற்கு ஜன்னலைத் தொறக்கறதே இல்லை" என்றாள் அகிலாண்டம்.

"போகலாமா கூடாதா?" என்று கேட்டார் செயலாளர்.

"எப்படிப் போக முடியும்? நம்ம விருந்தாளி ஒருத்தர் அங்கே போனார்னா, நம்ம சங்கத்துக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்காப்பலன்னா ஆயிடும்?" என்றாள் அகிலாண்டம்.

இந்த வாதத்தின் கனத்தைச் செயலாளர் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டார். பிறகு, நேரில் ஆராய்ந்து அறிக்கை தர ஒரு துணைக்குழு அமைப்பது என்று முடிவாயிற்று. கமிட்டியில் மூன்று பேர்தான், ஆகவே துணைக்குழுவிலும் அதே மூன்று பேர். நேரில் போக மூவருமே தயார்தான். செல்லத்துரைக்கு முழங்கால் வலி, அகிலாண்டத்துக்கு அங்குள்ள தோல் கிடங்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாது, செயலாளர் தலை எண்ண வேண்டும். எனவே அகிலாண்டத்தின் கணவர் குதிரைப் பந்தயத்துக்கு எடுத்துப் போகும் பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினார்கள். இருபது நிமிஷம் மாறி மாறிப் பார்த்தார்கள். அறிக்கை அங்கேயே தயாராயிற்று.

'ரயில் பாதைக்கு அப்பால் கூரைகள் தென்பட்டன. புகை தென்பட்டது. மனிதர்களும் தென்பட்டனர். அவர்களில் தங்கமயில் என்பவர் யார் என்று திட்டவட்டமாகக் கூற இயலவில்லை.'

இதன் அடிப்படையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிச்சம்மாள் போக வேண்டியதில்லை. அதைவிடப் பெருந்தன்மையாக, தங்கமயிலையே உரிய நிபந்தனைகளுடன் சங்கத்துக்கு வரவழைப்பது. அழைப்பைப் பதிவுத் தபாலில் அனுப்புவது. பதிவுத் தபால் என்றால்தான் கையெழுத்து வாங்குவார்கள், ஆதாரம் இருக்கும். பிச்சம்மாள் வைத்திருந்த பழைய கடிதத்திலிருந்து விலாசத்தை எடுத்து, செயலாளரே கைப்பட எழுதி, ஸ்டாம்பு குத்தி, பத்தே முக்காலுக்குத் தபாலாபீஸில் சேர்த்துவிட்டார். இந்த வேகத்தில் எந்த சர்க்கார் இயங்குகிறது, சொல்லுங்கள்?

"உங்க விஷயம் சாதகமா முடிஞ்சுதும்மா" என்று பிச்சம்மாளிடம் வந்து சொன்னார். "உங்க தங்கைக்கு அழைப்பு போயாச்சு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எப்பய்யா வருவா?"

"மூணு நாள்ல தபால் கிடைச்சுடும்."

"வண்டி இன்னைக்குல்லா போவுது?"

"அது ரயில்வே சம்பந்தப்பட்டதும்மா. சங்கத்தோட அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை."

பிச்சம்மாள் கடைசி வரிசையில் போய், கருப்பட்டிக் கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செயலாளருக்குத் திருப்தியாக இருந்தது. ஆட்சேபம் இல்லை என்று குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் உதுமான் நாற்காலிகளை எடுக்க வந்தான். வாடகை நாற்காலிக்காரன், கடையநல்லூர்க்காரன். சாயங்காலம் வேறொரு இடத்தில் நிக்காஹ், அதற்கு நாற்காலி போக வேண்டும். முதலில் காலி நாற்காலிகளை எடுத்துக் கைவண்டியில் அடுக்கினான். பிறகு அவளிடம் வந்தான்.

"யக்கா, கொஞ்சம் அந்த நாற்காலில உக்காந்துக்கிடுங்க. இத எடுக்கணும்."

அந்தத் தமிழைக் கேட்டதும் பிச்சம்மாள் தலையைத் தூக்கினாள். "தம்பி எங்கன குடியிருக்க?"

"தாராவிலதான்."

"தங்கமயில்னு... தோல் கெடங்குல வேல பாக்காகள்லா, அவுக வீட்டம்மா..."

"நம்ம தங்கமயிலா? எங்க லைனுக்கு அடுத்த லைனுல்லா! நீங்க அவுக அக்காவா? ஏங்க்கா, ஆறு நாளா இங்கனயா உக்காந்திருக்கீக?"

"எம்புட்டுத் தூரம் தம்பி?"

"பதினஞ்சு நிமிச நடை. பாலத்த ஏறி எறங்கினா தாராவி. வண்டிக்கும் நேரமிருக்கு, நானே தாதருல கொண்டாந்து ஏத்திவிட்டுருதேன். செயலாளர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"சொன்னா கூட்டம் போடுவாக" என்றாள் பிச்சம்மாள். பேட்ஜைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியின் முதுகில் குத்தினாள். டிக்கெட் முந்தானையில் முடிச்சாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைவண்டிக்குப் பின்னால் நடந்தாள். எறும்புகளும் கூடவே போயின.

மேடையில் சங்கரநாராயணன் நன்றியுரையைத் தொடங்கினார். நாற்பத்து மூன்று பக்கம், ஃபுல்ஸ்கேப் தாள், இரண்டு பக்கமும் எழுதியது. அப்படி ஒரு நன்றியுரை அதற்கு முன்பும் பின்பும் மாட்டுங்காவில் நிகழ்த்தப்பட்டதில்லை. யாரையும் அவர் விடவில்லை. பந்தலுக்கு நன்றி சொன்னார், பந்தல் காலுக்குத் தனியாக நன்றி சொன்னார். மைக்கைக் கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு நன்றி சொன்னார், அந்த விஞ்ஞானியைப் பெற்ற தாய்க்கு நன்றி சொன்னார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், 'தொலைவிலிருந்தே ஒத்துழைத்த அரபிக்கடலுக்கும்' நன்றி தெரிவித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் விழித்துக்கொண்டு கைதட்டினார்கள். நடுநடுவே அவர் கண் கடைசி வரிசைக்குப் போகும். பதினேழாம் எண் பளபளக்கும். நிம்மதியாக அடுத்த பக்கம் புரட்டுவார்.

ஒன்றே காலுக்கு நன்றியுரை முடிந்தது. விசில் ஊதினார். எண்ணினார். முப்பது.

மறுபடி எண்ணினார். முப்பது. எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினார், செல்லத்துரையை விட்டு எண்ணச் சொன்னார், எல்லோரையும் உட்காரவைத்து எண்ணினார். முப்பதுதான். கடைசி வரிசையில் பேட்ஜ் மட்டும் உட்கார்ந்திருந்தது. சங்கரநாராயணனுக்குக் குடை வியாபாரியின் முகம் கண்முன் வந்து நின்றது. அடுத்த வாரத் தேர்தலும் வந்து நின்றது.

"அந்தம்மா தாராவிக்குத்தான் போயிருக்கும்" என்றார் வாத்தியார்.

"நிரல்ல இல்லாத இடத்துக்கு ஒரு உறுப்பினர் எப்படி சார் போக முடியும்?" என்று செயலாளர் சீறினார். ஆகவே, அவள் போயிருக்கக்கூடிய மற்ற எல்லா இடங்களிலும் தேடினார்கள். கோயிலில் தேடினார்கள். குளியலறையில் தேடினார்கள். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிள் ரவுண்டானாவை இரண்டு பேர் இரண்டு தடவை சுற்றி வந்தார்கள்.

"வண்டிக்கு நேரமாச்சே சார்! எங்களையாவது அனுப்புங்க" என்றார் வாத்தியார்.

"முப்பத்தொரு பேர் வந்தா முப்பத்தொரு பேர் போகணும். விதி ஒன்பது."

ரயில்வேக்கு விதி ஒன்பது தெரியாது என்பதை யாரும் சொல்லத் துணியவில்லை. கமிட்டி மறுபடியும் கூடியது. பிச்சம்மாளைக் 'காணாமற்போனவர்' என்று எழுதுவதா, 'விலகியவர்' என்று எழுதுவதா? காணாமற்போனவர் என்றால் பொறுப்பு சங்கத்துடையது. விலகியவர் என்றால் பொறுப்பு அவளுடையது. செல்லத்துரை ஒரு பக்கம், அகிலாண்டம் ஒரு பக்கம். இரண்டு இருபத்தைந்துக்கு, 'தானாகவே விலகியவராகக் கருதப்படுவார்' என்று திருத்தம் ஏற்கப்பட்டு, வன்மையான கண்டனத்துடன் தீர்மானம் நிறைவேறியது. எட்டு டாக்சி பறந்தது.

தாதரில் மாலையும் கழுத்துமாக முப்பது பேர் பாலத்துப் படியில் இறங்கி ஓடியபோது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. அவர்களுடைய பெட்டி அவர்களைக் கடந்து போயிற்று. ஜன்னலில் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுப் பூ, அழுது சிவந்த கண், அப்படி ஒரு சந்தோஷமான முகம்.

"அய்யா! இங்கன முப்பது எடம் சும்மா கெடக்கு! ஓடியாங்க!" என்று கத்தினாள்.

சங்கரநாராயணன் விசில் ஊதிப் பார்த்தார். எஞ்சின் அவரைவிடச் சத்தமாக ஊதியது.

பிளாட்பாரத்தில் முப்பது பேர் நின்றார்கள். மறுநாள்தான் அடுத்த வண்டி. அவர்கள் தங்கியிருந்த மண்டபத்தை மூன்று மணியிலிருந்து கல்யாணத்துக்கு விட்டாயிற்று. செயலாளர் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஒரே இரவுதான், ஆளுக்குப் பத்துப் பேர். செல்லத்துரைக்குக் கடையில் சரக்கு இறங்குகிற நாள் அது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அகிலாண்டத்தின் மாமியார் மடி ஆசாரம் பார்ப்பவள். செயலாளர் வீடோ ஒன்றரை அறை, அதிலும் அரை அறையில் சங்கத்துக் கோப்புகள். ஆறு நாளாக 'எங்கள் இல்லம் உங்கள் இல்லம்' என்று மேடையில் முழங்கியவர்கள் அவர்கள்தான். அது உரை. இது உறைவிடம். இரண்டும் ஒன்றா?

அப்போது தங்கைக்காரி முன்னால் வந்தாள். அக்காவை ஏற்றிவிட வந்தவள், உதுமானோடு அங்கேதான் நின்றிருந்தாள்.

"எங்கக்கா கூட வந்தவுகளா நீங்க? இப்ப என்ன செய்வீக? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"முப்பது பேர் இருக்கோமே தாயி" என்றார் வாத்தியார்.

"எங்க லைனுல பன்னெண்டு வீடு இருக்குல்லா" என்றாள் தங்கமயில். அவ்வளவுதான் அந்தக் கமிட்டிக் கூட்டம்.

சங்கரநாராயணனும் போனார். தலை எண்ணத்தான், வேறெதற்கும் அல்ல. பாலத்தை ஏறி இறங்கினார்கள். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதுமான் மிச்ச நாற்காலிகளைச் சந்தில் போட்டான். பன்னிரண்டு அடுப்பும் எரிந்தது. கருப்பட்டிக் காபி வந்தது. சாயங்காலம், "கடலப் பாத்தீகளா?" என்று உதுமான் கேட்க, முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடப் பாவமே! மாகிம் பக்கத்துலதானே, நடங்க" என்று கூட்டிப் போனான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார் முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கரையிலிருந்து சங்கரநாராயணன் விசில் ஊதினார். ஒருவரும் திரும்பவில்லை. திரும்பி வந்து சந்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பழக்க தோஷத்தில் எண்ணினார். முப்பத்தொன்று வந்தது. திடுக்கிட்டு மறுபடி எண்ணினார். இலை முன்னால் தானும் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் முப்பது பேரும் ஊருக்கு வண்டி ஏறினார்கள். அடுத்த வாரம் சங்கரநாராயணன் ஏகமனதாகத் தலைவரானார். ஆண்டறிக்கையில், 'ஏழாம் நாள் சங்கத்தின் ஏற்பாட்டில் கடல் காணலும், கூடுதலாக ஒரு நாள் உபசரிப்பும் இனிதே நிறைவேறின' என்று இருக்கிறது. நாற்பத்து மூன்று பக்க நன்றியுரையும் அதில் முழுதாக அச்சாகியிருக்கிறது. ஒரு பெயரைக்கூட அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதியது எழுதியதுதான். அத்தனை நேர்மை.

அழைப்பைத் தபாலில் சேர்த்த நான்காம் நாள் தங்கமயில் வீட்டு வாசலில் தபால்காரன் வந்து நின்றான். பதிவுத் தபால். கைநாட்டு வைத்து வாங்கி, சந்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த உதுமானிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'தங்கள் சகோதரி திருமதி பிச்சம்மாள் எமது சங்கத்தின் விருந்தினராக உள்ளபடியால், தாங்கள் அவரைச் சந்திக்க இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது. சுத்தமான உடையில் பின்வாசல் வழியாக வரவும். சந்திப்பு பத்து நிமிஷத்துக்கு மிகக் கூடாது. உணவு வழங்கப்பட மாட்டாது.'

"ஆருண்ணே கையெழுத்து போட்டிருக்கா?"

"அதான், விசிலப் போட்டுக்கிட்டு வந்தாரே, மூணு தடவ ரசம் கேட்டாரே, அவருதான்."

தங்கமயில் உண்மையான கவலையோடு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, நம்ம வீட்டுக்குப் பின்வாசலே கெடையாதேண்ணே! அந்த மனுசன முன்வாசல் வழியால்லா கூட்டியாந்துட்டேன்!"